தண்ணி காட்டிய வழக்கு

மஞ்சக்குப்பத்தில், ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில்
மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு.
பக்கம் முப்பது ரூபாய்.
அழுகைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.
'சமூகம்' எங்கே வரும், 'பணிந்து' எத்தனை முறை வரும்,
எல்லாம் விரலுக்குத் தெரியும்.
பதினெட்டு வருடத்தில் நான் பணியாத பணிவில்லை.

திங்கட்கிழமை குறைதீர் நாள்.
வாசலில் போலீஸ் பையைப் பார்க்கும்,
சாப்பாட்டுத் தூக்கைப் பார்க்கும்,
பாட்டிலென்றால் மூடி திறந்து முகர்ந்தும் பார்க்கும்.
மண்ணெண்ணெயோடு வந்து யாரும்
குறையோடு சேர்த்துத் தன்னையும் தீர்த்துக்கொள்ளக் கூடாதல்லவா.
குறை தீர்க்கிற இடத்துக்குத்
தீப்பெட்டியிடம் ஏன் இத்தனை பயம்
என்று நான் கேட்டதில்லை.
என்னுடையது வாடகைக் கடை.

அஞ்சலாட்சிக்கு வீடு சிப்காட்டுக்குப் பின்புறம்.
தெருக்குழாயில் வந்ததை
மகனுடைய நீலப் பள்ளிக்கூட பாட்டிலில் பிடித்து வந்திருந்தாள்.
'நாலு வருசமா அவங்க நமக்குத் தண்ணி காட்றாங்க,
ஒருநாள் நாம காட்டுவமே' என்றாள்.
நான்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூடியைத் திறந்த பெண் காவலர்
முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.
அவ்வளவுதான் நடந்தது.

முதல் தகவல் அறிக்கை சொல்கிறது:
'எளிதில் தீப்பற்றும் திரவம் போன்ற கடும் நெடி வீசியது.'
போன வருடம் வாரியம் அவளுக்கு எழுதிய பதில் சொல்கிறது:
'நிறமற்றது. மணமற்றது. குடிக்க உகந்தது.'
இரண்டையும் அடுத்தடுத்து ஜெராக்ஸ் எடுத்தேன்.
ஒரே குழாய், ஒரே தண்ணீர்,
இரண்டு தாளின் தலையிலும் ஒரே கோபுரம்.
என் இயந்திரத்துக்குக் கூச்சமில்லை,
இரண்டையும் ஒரே தெளிவில் கக்கியது.

அவள்மேல் போட்டது நூற்றேழு.
இப்போது எண் நூற்றிருபத்தாறாம்;
சட்டத்தின் புதுப் பெயரைச் சொல்ல
எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை.
எண் மாறியது, பெயர் மாறியது,
அந்த ஒரு சொல் மாறவில்லை:
அமைதியைக் குலைக்கக் 'கூடும்.'

நடந்ததற்குத்தான் தண்டனை என்று நினைத்திருந்தேன்.
இது நடக்காததற்கு முன்பணம்.
நாலு பேர் கூடினாலும் குற்றம்,
ஒருத்தி தனியாக வந்தால் அவள் செய்யக்கூடும், அதுவும் குற்றம்.
கூடும் என்ற சொல்லுக்குக் கதவு பெரிது,
கடலூர் மொத்தத்தையும் உள்ளே தள்ளிச் சாத்தலாம்.
ஆலைக்கு மட்டும் ஏனோ
அந்தச் சொல்லை யாரும் எழுதுவதில்லை.
நஞ்சு கலக்கக்கூடும் என்று
எந்த முதலாளியிடமும் பிணைப் பத்திரம் வாங்கி
நான் அடித்ததில்லை.

கோட்டாட்சியர் கெட்டவர் இல்லை.
'உட்காரும்மா' என்றார்.
அவர் மேசையில் சீல் பிரிக்காத தண்ணீர் பாட்டில்.
வக்கீல் பூங்குன்றன் எழுந்து,
'அந்த நீல பாட்டிலைத் திறந்து
ஐயா ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்,
மண்ணெண்ணெய் என்றால் வழக்கு உங்களுடையது,
தண்ணீர் என்றால் எங்களுடையது' என்றார்.
'சான்றுப்பொருளைத் திறக்க முடியாது.'

ஒரு வருடம் அமைதி காக்க வேண்டும்.
ஐம்பதாயிரத்துக்குப் பத்திரம், இரண்டு பேர் ஜாமீன்.
புருஷன் தேசிங்கு ஒன்று,
தேசிங்கு வேலை செய்யும் ஐஸ் கம்பெனி மேஸ்திரி இன்னொன்று.
கையெழுத்துப் போட்டுப் பேனாவை வைத்துவிட்டு
அஞ்சலாட்சி கேட்டாள்:
'புள்ளைக்கு அந்த ஒரு பாட்டில்தான் சார். எப்பக் குடுப்பீங்க?'

அதற்குப் பதிலளிக்கப் பிரிவு ஏதுமில்லை.

போன வாரம் ஒரு ஏட்டு கடைக்கு வந்தார்.
நிலையத்து அலமாரியில்
துணி சுற்றி அரக்கு வைத்த பொருளொன்று இருக்கிறதாம்,
மூடியை மீறி வருகிறதாம்,
பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லையாம்.
வேறு அறைக்கு மாற்ற உத்தரவிடுமாறு
பணிந்து, மிகவும் பணிந்து
அடித்துக் கொடுத்தேன்.

பக்கம் முப்பது என்றேன்.
எண்ணிக் கொடுத்தார்.