பச்சை என்றால் சரி

கொண்டை ஊசி வளைவு இருபதையும்
பழைய மெத்தைக்குள் படுத்தபடி ஏறி வந்தது
எங்கள் பள்ளியின் ஸ்மார்ட் போர்டு.
"பதினாலாவது வளைவுல ஏதோ சத்தம் கேட்டுச்சு டீச்சர்,
நான் திரும்பிப் பார்க்கல" என்றார் டெம்போக்காரர்.
ஒன்றும் உடையவில்லை.
பிலோமினா மேடம் அதற்குச் சாமந்தி மாலை போட்டார்.
ஈரம் வயரில் இறங்குமென்று நான் எடுத்தேன்.

கேள்வி வரும். விடையைத் தொட்டால்
சரி பச்சையாகும், தவறு சிவக்கும்.
நாகலூர் ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேரும்
பெஞ்ச் மேல் ஏறிக் கத்தினார்கள்.
தப்பு. முப்பது பேர்.
சேர்வராயன் தொட்டுவிட்டு,
திரும்பி, ரெமிஜியஸின் முகத்தைப் பார்ப்பான்.
ஒவ்வொரு முறையும்.
"கவனம் போதாது" என்று எழுதினேன்
சிவப்பு மையில்,
அவன் கருப்பில் எழுதிய பக்கத்தின் ஓரம்.

பிறகு மழை வரைபடம்.
சேலத்து மழை பச்சைக் கோடு, ஏற்காட்டு மழை சிவப்பு.
எது நம்ம மழை என்றேன்.
"மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா டீச்சர்?"
"சிவப்புடா. கண்ணைத் திற."
வகுப்பு சிரித்தது.
நானும், எழுதத்தான் வேண்டும், சிரித்தேன்.

ஆதார் நகலில் ஒரு கையெழுத்துக்காக
டிசம்பர் ஞாயிறு ஒன்றில் அவன் வீட்டுக்குப் போனேன்.
பின்னால் நாற்பது காப்பிச் செடி,
சில்வர் ஓக்கில் மிளகு, இடுப்பளவு மூடுபனி.
அவன் அம்மாவின் கை கொத்து கொத்தாக ஓடியது,
பார்த்த வேகத்தில் பறிக்கிற கை.
அவனோ ஒவ்வொன்றையும்
கட்டைவிரலால் அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, எடுத்தான்.
"பழம்னா கொஞ்சம் கொடுக்கும் டீச்சர். காய் கொடுக்காது."
அவன் கூடையில் ஒரு காய்கூட இல்லை.
கூடை பாதிதான் நிறைந்திருந்தது.
"எங்கண்ணனும் இப்படித்தான்" என்றார் அம்மா, கை நிறுத்தாமல்.
"லாரி லைசென்சுக்குப் போனாரு,
கண் டாக்டர் கையெழுத்துப் போடல."

கோரிமேடு இறங்கும்வரை
பேருந்தில் எதையும் யோசிக்கவில்லை.
அஸ்தம்பட்டி சிக்னலில் சிவப்பு, மேலே எரிந்தது.
மேலே.
அப்போதுதான் நோட்டுகள் ஞாபகம் வந்தன:
இரண்டு வருடத் திருத்தங்கள்,
அவனுக்கு இன்னொரு கருப்பு.

ராத்திரி பதினொன்றரைக்கு லேப்டாப்பைத் திறந்து
ஏற்காட்டு மழையைத் தடித்த கோடாக்கினேன்,
சேலத்து மழையைப் புள்ளி புள்ளியாக.
அது அப்படித்தான் பெய்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.
சரிக்கு வட்டம், தவறுக்குப் பெருக்கல் குறி.
செல்லுக்குள் பச்சையம் இருக்குமிடத்தில் சாய்வுக் கோடுகள்.
லிட்மஸில் கை வைக்கவில்லை. நீலம் அவனுக்குத் தெரியும்,
மறுநாள் கேட்டுக்கொண்டேன். முன்பே கேட்டிருக்கலாம்.
நோட்டில் பிழைக்கு அடியில் இப்போது ஓர் அலை.

மாதம் ஒருமுறை, மேடத்தின் போனை
ஜன்னல் கம்பியில் கட்டினால் வருகிற சிக்னலில்,
போர்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்.
வட்டம் போய்விடும். மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு.
உதவி எண்ணில் ஒரு பையன் சொன்னான்:
"அது டீஃபால்ட் மேடம்.
நீங்க ஒருத்தர்தான் மாத்தச் சொல்றீங்க."
நான் ஒருத்திதான் மாற்றுகிறேன்.
முதல் மணிக்கு முன், பதினோரு நிமிடம்.

நேற்று கரண்ட் இல்லை.
கரும்பலகை, தேய்ந்த வெள்ளைச் சாக்பீஸ் ஒன்று.
தடித்த கோடு, புள்ளிக் கோடு.
எது நம்ம மழை என்றதும் சேர்வராயன் எழுந்தான்.
சரியாகச் சொன்னான். உட்காரவில்லை.
"புள்ளியெல்லாம் ரொம்பக் குட்டியா இருக்கு டீச்சர்.
கடைசி பெஞ்சுக்கு அதுவும் கோடாத்தான் தெரியுது."

நான் நடந்து போய்
கடைசி பெஞ்சில், ரெமிஜியஸைத் தள்ளி உட்காரச் சொல்லி,
பார்த்தேன்.

கோடாகத்தான் தெரிந்தது.