தாடியைத் தின்ற மான்

டிசம்பர் இருபத்துமூன்று. வாடைக்காற்று.
கோட்டை வாசலில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு
நத்தார் தாத்தா சிகரெட் பற்றவைக்கிறார்.
நான்தான் அது.
யூட் இம்மானுவேல், ஐஸ் பக்டரிக் கணக்கன்.
பங்கு இளைஞர் மன்றத்தில்
இந்த வயிறு வேறு யாருக்கும் வாய்க்காததால்
பதினொரு வருசமாய்த் தாத்தா.

பாட வந்த பெடியள் தேத்தண்ணிக் கடைக்குள்.
மழை என் சட்டையின் சாயத்தைக் கழுவிச்
சப்பாத்துக்குள் ஊற்றுகிறது.

பைக்குள் ஒரு துண்டுப்பிரசுரம்.
மச்சான் தந்தான்; சபையில் சேர்ந்து இரண்டு வருசம்.
"வாசிச்சிட்டு, பிறகு அந்த உடுப்பைப் போடுங்கோ அத்தான்."

இருபத்தைந்தாம் திகதி
ரோமாபுரியில் சூரியனின் பிறந்தநாளாம்.
மரம், பனிக்காட்டுச் சனங்கள்
இலை உதிராததைக் கும்பிட்ட மிச்சமாம்.
முட்டையும் முயலும்
வசந்தத்தின் பெண்தெய்வத்துக்குச் சொந்தமாம்.
தாத்தாவோ ஒற்றைக்கண்ணனாம்.
எட்டுக்கால் குதிரையில்
செத்தவர்களைக் கூட்டிக்கொண்டு
நடுக்குளிரில் வானத்தில் வேட்டையாடியவனாம்.
கீழே தடித்த எழுத்தில்:
உங்கள் வீட்டுக்குள் இருப்பது யார்?

ஃபாதரிடம் காட்டினேன்.
பாதிக்குத் தலையாட்டினார்.
மீதிக்கு, "ஆதாரம் கேட்டால் ஓடிவிடுவார்கள்" என்று சிரித்தார்.
எந்தப் பாதி எது என்று நான் கேட்கவில்லை.
அதற்குள் சவுக்கங்கொப்பு வெட்ட ஆள் வந்துவிட்டது.

வாசல் சுவரில் சாய்கிறேன். முதுகில் ஈரம்.
கோட்டைக்குள் கோயிற்கல் உண்டென்று
இந்த ஊரில் யாரும்
துண்டுப்பிரசுரம் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை.
உடைத்தவன் பறங்கி.
அவன் கழுத்தில் தொங்கியது என் சிலுவை.
என் முப்பாட்டன்மாரில் ஒருவன்
கல்லைச் சுமந்திருக்கலாம்,
சுமக்காமல் காட்டுக்குள் ஓடியிருக்கலாம்.
ஞானஸ்நானப் பதிவேடு
அவனுடைய பழைய பெயரை எழுதவில்லை.
நத்தார் என்கிற சொல்லும்
அந்தக் கப்பலில் இருந்துதான் இறங்கியது.
இப்போது என் அம்மாவின் வாயில்
அதைவிடத் தமிழான சொல் இல்லை.

மேலே மலையில் மாலைப்பூசை மணி.

ஒற்றைக்கண்ணா,
உன்னைக் கேட்டா உனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்?
ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு
ரொபிப்பையைக் கையில் தந்தபோது
அழுதாயா?
இல்லை, அப்பாடா என்று இருந்ததா,
செத்தவர்களைக் கூட்டித்திரிந்தது போதும்,
இனிப் பிள்ளைகள் மட்டும் என்று?

அப்போதுதான் அது வந்தது.
பனிமான் இல்லை.
கோட்டையின் புள்ளிமான்,
சோற்றுப்பார்சல் பொலித்தீனில் வளர்ந்த கிழட்டுக் கலை.
என் முகத்தை முகர்ந்தது.
தாடியைக் கவ்வி ஓர் இழுவை.
பஞ்சு வயிற்றுக்குள் போனால் செத்துவிடுமே என்று
நானும் இழுத்தேன்.
பாதிதான் மிஞ்சியது.
விட்டதா? கையில் இருந்த தாளையும் பறித்தது.
முதலில் சூரியனின் பிறந்தநாளைத் தின்றது.
பிறகு முயலை, முட்டையோடு.
ஒற்றைக்கண்ணனில் கொஞ்சம் நின்று, தும்மி,
அவனையும் தின்றது.
தடித்த எழுத்துக் கேள்வி மட்டும்
சேற்றில் ஒட்டிக்கிடந்தது.

உவர்மலைக்கு ஏறும்போது மழை வலுத்தது.
மச்சானின் வீடு எங்கள் பட்டியலில் இல்லை.
நட்சத்திரம் கட்டாத ஒரே முகப்பு.
ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.
பெடியள் பாடவில்லை; எனக்கும் "ஹோ ஹோ" வரவில்லை.

யன்னல் திறந்தது.
கெசியா. ஐந்து வயது. கம்பிக்குப் பின்னால் மூக்கு.
"நீங்கதானா அந்தப் பேய்?"

அரைத்தாடி. காலடியில் சிவப்புத் தண்ணீர்.
ஓம் என்றால் அவளுடைய அப்பாவுக்கு வெற்றி.
இல்லை என்றால் பொய்யோ, மெய்யோ,
எனக்கே தெரியாது.

ஒரு கண்ணை மூடிக் காட்டினேன்.

அவளும் ஒரு கண்ணை மூடப் பார்த்தாள்.
மற்றக் கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது.
அப்படியே, பார்க்காமலே,
கம்பிக்குள்ளால் கையை நீட்டினாள்.