ஒன்பதாம் திகதி

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்.
முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நிறம் பிரிக்கும் யந்திரம் ஸ்டோருக்கு வந்தபோது
பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பதினோரு பேர்.
"நாற்பதுக்கு மேல வேணாம்" என்றார் டீமேக்கர்.
பென்சிலால் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே பூங்காவனம், வயது ஐம்பத்து மூன்று.
கரண்ட் போன இரவிலும்
விரல் நுனியால் தூளின் தரம் சொல்பவள்.

சண்டை போடவில்லை.
லீவு எழுதிக் கொடுத்துவிட்டு
முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனாள்.
தொழில் கந்தோரில் முத்திரை குத்திய பிரதி,
பதினொன்றாம் திகதி.
மழைக்காகப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டாள்.
அவள் வந்து சேருமுன்
செய்தி மலையேறிவிட்டிருந்தது.

சல்லடை அறையில் அவள் கொக்கியில்
வேறொருத்தியின் ஏப்ரன் தொங்கியது.
தேத்தண்ணி நேரத்தில் வாங்கு சட்டென நிரம்பியது.
இரண்டு நிமிஷம் பிந்தினாள், அரைப்பேர்.
யாரும் திட்டவில்லை.
திட்டியிருந்தால்
அதையும் எழுதிக் கொடுத்திருப்பாள்.

பதினாலாம் திகதி என்னைக் கூப்பிட்டார்கள்.
"விறகுக் கொட்டிலுக்கு மாற்றம்.
நிர்வாகத் தேவைன்னு போடு.
திகதி மட்டும் பதினொன்றுக்கு முந்தி இருக்கட்டும்."
எந்தத் திகதி என்று சொல்லவில்லை.
எனக்கு வீட்டுக் கடன்.
மகளுக்கு அந்த வருஷம் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை.
விசைமேல் விரல் கொஞ்சம் நின்றது.
ஒன்பது.

மூன்று மாதம் ஈரக் கட்டை சுமந்தாள்.
என் ஜன்னலருகே நின்று மூச்சு வாங்குவாள்.
நான் செக்ரோலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
கூட்டின கணக்கையே
திரும்பக் கூட்டிக்கொண்டு.

விசாரணைக்கு என்னையும் வேனில் ஏற்றிப் போனார்கள்.
அதிகாரி சின்னப் பெண். தடிமன்,
கையில் கசங்கிய லேஞ்சி.
"மனு வருமுன்னே மாற்றியாயிற்று,
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை"
என்று கடிதத்தை நீட்டினார் கம்பனி சட்டத்தரணி.
படித்தாள். தும்மினாள்.
எழுந்துபோய்ச் சுவர்க் கலண்டரில்
மூன்று தாள் பின்னே புரட்டினாள்.

"போயா அன்றைக்கு உங்கள் ஒபிஸ் திறந்திருந்ததா?"

வெளியே ஒரு லொறி
கியர் மாற்றி ஏறி முடியும்வரை ஒருவரும் பேசவில்லை.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்,
பூங்காவனத்தைத் தவிர.
அவள் தன் உள்ளங்கையில்
சிலாம்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கை தவறியதா, தெரிந்தே போட்டதா
என்று மனைவி கேட்கிறாள்.
மூன்று மாதம் பேசாதிருந்தவனுக்கு
எந்தப் பதிலும் கொஞ்சம் பெரிய சட்டைதான்.
அந்த அறையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்:
"தட்டச்சு செய்தது பதினாலாம் திகதி, மிஸ்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
நேற்று என் மேசையில் ஒரு கடிதம்.
எனக்கும் மாற்றம், நிர்வாகத் தேவை.
யார் தட்டச்சு செய்தார்களோ,
திகதி சரியாக இருக்கிறது.

சமையல்கட்டில்
கிழியாத பொலித்தீன் ஒன்று தேடுகிறேன்.
நாளைக்கு முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.