ஆகப் பெரிய சம்பளம்

பதினான்கு வருடக் கணக்கை
ஒரே மாதத்தில் தீர்த்துவிட்டார்கள்.
அதனால் மார்ச் மாதச் சீட்டில்
என் வாழ்நாளின் ஆகப் பெரிய சம்பளம்.

பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
விரல் நகத்தைவிடச் சின்னதைப்
பார்த்துப் பார்த்து அனுப்பும் வேலை.
கடைசி நாள் உடுப்பைக் கழற்றிக்
கூடையில் போடும்போதுதான் கவனித்தேன்,
காலரில் இருந்த என் எண்ணை
யாரோ முன்னமே அடித்திருந்தார்கள்.

இசக்கிக்கு வாட்சப்பில் சொல்லவில்லை.
எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று
பஸ் முழுக்க போனைக் கவிழ்த்தே வைத்திருந்தேன்.
வீட்டுக்கு வந்து
செருப்பைக் கழற்றாமல் சொன்னேன்.

அவன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.
ஐந்து வருடமாக
இந்த வீட்டு வெங்காயமெல்லாம் அவன் அரிந்ததுதான்.
அம்பாசமுத்திரத்தில்
மழையிலும் மின்கம்பம் ஏறியவன்.
இங்கே கடப்பிதழில் முத்திரை ஏறிய நாள்முதல்
எந்த வேலையும் கூடாது.
அனுமதி கேட்டுப் போட்ட மனு
எட்டு மாதமாக ஏதோ ஒரு மேசையில்.
கீழ் மாடி டான் வீட்டில் பியூஸ் போனால்
இருட்டியபிறகு போய்ப் போட்டுக் கொடுப்பான்.
காசு கேட்கமாட்டான்.
கொடுத்தால் படியைப் பார்ப்பான்,
யாராவது வருகிறார்களா என்று.

கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னான்:
"அப்போ, இனிமே ரெண்டு பேரும் ஒண்ணு."

சிரிப்பதா
பக்கத்திலிருந்த சட்டியை எடுத்து எறிவதா
எனக்குத் தெரியவில்லை.
இரண்டும் செய்யாமல்
அந்த வெங்காயத்தைத்தான் சாப்பிட்டோம்.

பாஸ் முடிய ஒன்பது நாள்.
கலியாணப் பத்திரம்,
இருவரும் சேர்ந்து நிற்கும் படம்,
தண்ணீர் பில்,
மூன்று மாதச் சம்பளச் சீட்டு.
பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கிய
முதலாளி கடிதம் ஒன்று:
'இவர் எங்களிடம் நிரந்தரமாகப் பணிபுரிகிறார்.'
நிரந்தரத்தின் கீழே ரப்பர் முத்திரை,
ஊதா மை, கொஞ்சம் கசிந்து.

குடிநுழைவுத் துறையில் எண் 1146.
பேசுவது எப்போதும் நான்தான்.
அவன் எனக்கு அரையடி பின்னால்
பொறுப்பில் விட்ட பொருள்போல் நிற்பான்.
கேட்டால் கையெழுத்து, கேட்டால் கைரேகை.

அதிகாரி தாள்களைப் புரட்டினாள்.
முக்காட்டில் சின்ன வெள்ளி ஊசி.
மார்ச்சில் விரல் நின்றது.
"வாஹ், காஜி பெசார்" என்றாள்.
பெரிய சம்பளம்தான், அக்கா.
நிமிராமலே அடுத்த கேள்வி:
இன்னும் கெர்ஜா இங்கேதானா?

அவனுக்கு மலாய் அதிகம் வராது.
கெர்ஜா மட்டும் தெரியும்.
தன் கடப்பிதழில் படித்துப் படித்துத்
தேய்ந்த சொல் அது.

நான் 'ஆமாம்' என்று வாய் திறக்குமுன்
என் தோளுக்கு மேலாக ஒரு குரல்:
"டியா சுடா பெர்ஹென்தி.
சாயா போலே கெர்ஜா."

அவ நின்னுட்டா.
நான் வேலை செய்யலாம்.

அவன் காலை மிதித்தேன். தாமதம்.
எந்த ராத்திரி உட்கார்ந்து
இதைப் படித்து வைத்தானோ.

மலாயில் 'போலே' என்றால்
முடியும் என்றும் அர்த்தம்,
அனுமதி உண்டு என்றும் அர்த்தம்.
அவன் எதைச் சொன்னான்,
அவள் எதைக் கேட்டாள்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

ஐந்து வருடத்தில் முதல்முறையாக
ஓர் அதிகாரி
படத்தை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு கடிதத்தை.
பிறகு என்னை, கொஞ்ச நேரம்.
கோப்பை மூடி
உள்ளே யாரிடமோ எடுத்துப் போனாள்.
உட்காரச் சொன்னாள்.

அடுத்தடுத்து இரண்டு நாற்காலி காலியில்லை.
ஒன்றுதான் இருந்தது.
"நீ உட்காரு" என்றேன்.
"நீ" என்றான்.
1147 வந்துவிட்டது.
இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.