தாமதம்: பத்து ரூபாய்

குழுவில் ஆறு பேர். மணிகள் மூன்று.
கயிறும் மூன்று, அதில் ஒன்று அறுந்து முடிச்சுப் போட்டது.
ஆறாவது ஆள் உபகாரம் திருப்பூர் போய் நாலு வருஷம்;
பட்டியலில் பெயரை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை.
நோட்டு என்னிடம், ஏனென்றால்
ஏரிக்கரை ஜெராக்ஸ் கடையில்
பேனா எப்போதும் என் காதில் இருக்கும்.

ஜனவரி, கூட்டம்.
செங்கோல்ராஜ் பால் வண்டியின் எஞ்சினை அணைக்காமலே
வந்து உட்கார்ந்தான்.
தீர்மானம் ஒன்று: தாமதமாக வந்தால் பத்து ரூபாய்.
தீர்மானம் இரண்டு: அந்தப் பணத்தில் புதுக் கயிறு.
மூன்றாவதை பிலோமினா ஒரு கொட்டாவியில் ரத்து செய்தாள்.
ஆஸ்பத்திரியில் அவளுக்கு ராத்திரி டியூட்டி.

பிப்ரவரியில் குரங்கு.
ஐந்தரை மணியை நாலே காலுக்கு அடித்துவிட்டுப் போனது.
நாலு பேர் குளித்து, தலை வாரி, கோவிலுக்கே வந்துவிட்டார்கள்.
நோட்டில் எழுதினேன்:
அடித்தவர் பெயர் தெரியவில்லை.

ஒரு மழை பெய்து எட்டாம் நாள்
எஸ்டேட் முழுக்கக் காப்பி பூத்தது.
இழுக்க இழுக்க மூச்சுக்குள் அந்த வாசனை.
பெரிய வியாழன் ராத்திரி மணிகள் வாய் மூடின.
சனி நள்ளிரவு வரை மரக்கட்டைதான்,
மதலைமுத்து சில்வர் ஓக்கில் செய்தது,
தட்டினால் தவளை மாதிரி கத்தும்.
வெள்ளி மதியம் மூன்றுக்கு
என் கை தானாக மேலே போனது.
கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டியவளே நான்தான்.

மே மாதம் பூக்களைப் பார்க்க ஊரே ஏறி வரும்.
ஒரு தடவை இழுக்கட்டுமா என்று கேட்டவர்கள் பதினொன்று,
கேட்காமல் இழுத்தவர் ஒருவர்.
சேர்வராயன் திருவிழா அன்று
எங்கள் ஆறு மணி பம்பைச் சத்தத்துக்குள் விழுந்து
காணாமல் போனது.
மதலைமுத்துவும் அன்று பாதி நாள் அங்கேதான்.

பிறகு மழை.
ஈரக் கயிறு இரண்டு ஆள் கனம்.
அந்த மூன்று மாதக் குறிப்பு முழுக்க
தேங்காய் எண்ணெய், பிளாஸ்திரி, தேங்காய் எண்ணெய்.

நவம்பரில் பிலோமினாவின் மாமனார்.
வயசுக்கு ஒன்று என்று துக்க மணி அடிப்பது எங்கள் வழக்கம்.
எண்ணியது அருள்ஜெசி. பிளஸ் டூ படிக்கிறாள்,
கயிற்றைத் தொட இன்னும் விடவில்லை.
எழுபதுக்கு மேல் தடுமாறி
எண்பத்தொன்றுக்கு எண்பத்திரண்டு ஆகிவிட்டது.
அவள் முகம் வெளுத்துப்போனது.
"இருக்கட்டும், ஒரு வருஷம் கூட இருந்துட்டுப் போகட்டுமே"
என்றாள் பிலோமினா.

டிசம்பர் இருபத்துநாலு,
செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது அடி கயிறு வாங்கி
மடியில் சுருட்டி வைத்துக் கடைசி பஸ் ஏறினேன்.
பதினேழாவது கொண்டை ஊசி வளைவில்
ஒரு லாரி குறுக்கே படுத்திருந்தது.
மணி பத்தரை. இறங்கி நின்றேன்.
பனியில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை.

அப்போது மேலேயிருந்து வந்தது.

பத்து வருஷம் அடித்திருக்கிறேன், கேட்டதில்லை.
கீழே நிற்பவளுக்குக் கிடைப்பது
கயிற்றின் முனகலும் பக்கத்து ஆளின் வியர்வையும்தான்.
பெரிய மணி மதலைமுத்து; அவனுக்கு எதிலும் அவசரம் கிடையாது.
நடு மணி செங்கோல்;
மேட்டில் கியர் மாற்றுகிற மாதிரி ஒரு திணறல்.
அப்புறம் ஓர் ஓட்டை.
நான் விழ வேண்டிய இடம்.

"நல்லா இருக்குல்ல?" என்றார் கண்டக்டர்.
"ஒண்ணு குறையுது."
"எனக்கு அப்படித் தெரியலயே."

ஓட்டை சுற்றிச் சுற்றி வந்தது.
ஆறாவது சுற்றிலோ ஏழாவதிலோ
அதற்குள் சின்ன மணி எட்டிப் பார்த்தது,
முந்தி, பிந்தி,
ஒரு தடவைகூடச் சரியாக இல்லாமல்.
அருள்ஜெசி.
வேறு யாராக இருக்க முடியும்?
ரோட்டில் நின்று நான் எண்ணினேன், அவளுக்காக,
சத்தமாக. கண்டக்டர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

நோட்டின் கடைசிப் பக்கம்:
கயிறு, நாற்பது அடி, ஆயிரத்து நூற்று எண்பது.
தாமதம், நான், பத்து ரூபாய்.
சில்லறை இல்லை. பாக்கி.