கேட் சாத்தும் நேரம்

சிலைமானுக்கு அங்கிட்டு, வயக்காட்டு ரோட்டில்
என் கேட்.
போன் அடிக்கும். மாஸ்டர் ஒரு எண் சொல்வார்,
பதிலுக்கு நான் ஒரு எண்.
இரண்டும் நோட்டில் ஏறியாயிற்று என்றால்
தண்டவாளம் சும்மா கிடக்கும்போதே சாத்திவிட வேண்டும்.
புல்லட்டுக்காரன் கத்துவான்:
"எங்கக்கா ரயிலு? ஈ காக்காயக் காணோம்."
வரும்.
எண் கொடுத்த வண்டி வராமல் போனதில்லை.

இட்லிக்கு யாரும் எண் கொடுப்பதில்லை.

ஈசுவுக்கு மூன்றே கால் வயது.
பெரியாஸ்பத்திரியில் ஒரு சிஸ்டர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு மேடு வரைந்தார்.
"இது சோறு, விறுவிறுன்னு ஏறிரும்.
இது ஊசி, கிளம்பவே கால் மணி நேரம் ஆக்கும்.
அதனால ஊசிய முன்னாடி அனுப்பிரணும்."
தலையாட்டினேன்.
சாத்திவிட்டுக் காத்திருப்பது
பதினோரு வருஷமாகப் பார்க்கிற வேலைதானே.

மூன்றாம் நாள், ஏழு மணிக்கு ஒரு யூனிட், தொடையில்.
ஏழே காலுக்கு இரண்டு இட்லி.
பாதி இட்லியில் "போதும்."
சட்னி தொட்டு? போதும்.
குரங்கு பார்ப்போமா? போதும்.
செல்போன்? வாங்கிக்கொண்டான், வாயை மூடிக்கொண்டான்.
சதைக்குள் போன ஒரு யூனிட்டை
எந்த ஊசி போட்டுத் திரும்ப உறிஞ்சுவது?
எட்டு மணிக்குப் பிடரி வேர்த்து
துணி மாதிரி தோளில் சாய்ந்தான். ஐம்பத்தி ஒன்று.
ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும்போது
போன் அடித்தது.
டியூட்டியில் பிள்ளை இருக்கக் கூடாது, தெரியும்.
இடுப்பில் இடுக்கிக்கொண்டே சாத்தினேன்.
சரக்கு வண்டி. நாற்பத்திரண்டு பெட்டி.
கடைசிப் பெட்டிக்கு முன்னால் முழித்துவிட்டான்.

அதற்குப் பிறகு பயம்.
தின்று முடிக்கட்டும், அப்புறம் போடலாம்.
முடிக்க முக்கால் மணி நேரம்.
பத்து மணிக்கு மீட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தான்,
டவுசரை நனைத்தான்,
என்னைக் கடித்தான்.
வண்டி போன பிறகு சாத்திய கேட்.

டாக்டர் செபஸ்தியம்மாள் திட்டுவார் என்று
சுகர் நோட்டில் இரண்டு எண்களைத் திருத்திக் கொண்டுபோனேன்.
ரயில்வே நோட்டில் ஒரு நாளும் செய்யாத திருட்டு.
அவர் நோட்டைத் திறக்கவேயில்லை.
"என்ன ஆனாலும் இத்தன தின்பான்னு
சத்தியம் பண்ண முடியுமா?"
"ஒரு இட்லி. சட்னி படாம."
"அந்த ஒண்ணுக்கு மட்டும் முன்னாடி அரை யூனிட்.
மிச்சம், தின்ன அளவு பாத்துப் பின்னாடி.
முன்னமே எண் கம்மியா இருந்தா
காத்திருக்கவே கூடாது. நேரா சோறு."
ரெண்டு குத்தா டாக்டர்?
"ரெண்டு குத்துதான்."

கால் மணி நேரம் என்றால் ஈசுவுக்கு என்ன தெரியும்?
ராமேஸ்வரம் பாசஞ்சர் போனால் இட்லி.
அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.
கார்டுக்குக் கையாட்டிவிட்டு ஓடிவந்து உட்காருவான்.

இன்று பாசஞ்சர் லேட்.
அரை யூனிட் உள்ளே போய்ப் பதினெட்டு நிமிஷம்.
தட்டைத் தள்ளுகிறான்.
"ரயில் போகல."
லேட்டுடா தங்கம்.
"போகல."
பதிமூன்று கிலோ நேர்மை.
பத்தொன்பது.
பச்சைக் கொடியை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன்.
நீதான் கார்டு. காட்டு.
வெறும் தண்டவாளத்துக்குக் காட்டினான்.
எதையோ கேட்பது போலக் கொஞ்சம் நின்றான்.
வாயைத் திறந்தான்.

ஒன்று.
ஒன்றேகால்.
ஒன்றரையில் நிற்கிறது, கன்னத்தில் ஒதுக்கியபடி.
அப்போது போன்.
மாஸ்டர் எண் சொன்னார். முப்பத்தி நாலு.
"உங்க எண்ணச் சொல்லுங்கம்மா."
"ஒண்ணரை," என்றேன்.