குறைவாக ஒவ்வாதது

இரவு இரண்டே கால்.
புவெர்த்தோ மோந்த் மருத்துவமனை, ரத்த வங்கி.
தகரக் கூரையில் ஜூன் மாதத்து மழை,
மூன்று நாளாக ஒரே பேச்சு.

நொல்பெர்த்தோ பார்ரியா, அறுபத்தெட்டு,
சால்மன் பண்ணைகளுக்குத் தீவனப் படகு ஓட்டியவர்.
ஹீமோகுளோபின் நான்கு புள்ளி ஒன்று.
மார்ச்சில்தான் கீமோ முடிந்தது.
வெள்ளணுக்கள் அடங்கின, கழுத்துக் கட்டிகள் கரைந்தன,
வீட்டில் ஆட்டுக்குட்டி சுட்டுக் கொண்டாடினார்கள்.
பிறகு ஒரு காலை
சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.
படகுப் படியில் ஏறியவர்
பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

புற்று திரும்பவில்லை என்கிறது கோப்பு.
அதை விரட்டப் போன மருந்து
காவலுக்கு இருந்தவற்றையும் விரட்டிவிட்டதாம்;
எஞ்சியவை
சொந்தச் சிவப்பணுவைப் பார்த்து
யார் நீ என்கின்றன.

சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்துகிறேன்.
முதல் பை, கட்டிதட்டுகிறது.
இரண்டாவது, அதுவும்.
ஆறாவது, தயிர்.
அவர் ரத்தம் அவர் ரத்தத்தோடேயே திரிகிறது,
அடுத்தவருடையதைக் கேட்பானேன்.

பொருத்தம் பார்ப்பது என் வேலை.
பதினேழு வருடமாக
'பொருந்துகிறது' என்று முத்திரை குத்தாமல்
என் கையால் ஒரு பையும் இந்த ஜன்னலைத் தாண்டியதில்லை.

தொலைபேசியில் டாக்டர் ஓயார்சூன்:
"காத்திருக்க அவரிடம் நேரமில்லை.
இருப்பதில் குறைவாக ஒவ்வாததைக் கொடு."

ஒன்பதாவது பை.
குழாயைச் சாய்த்தால் அடியில்
மணல் மாதிரி, சன்னமாக.
யாருடைய கையிலிருந்து வந்ததோ.
சீட்டில் இதை எழுதக் கட்டமே இல்லை.
ஓரத்தில் எழுதினேன். பேனா இரண்டு முறை நின்றது.

ஜன்னலில் எர்சிரா, அவர் மனைவி,
நனைந்த கம்பளித் தொப்பியைப் பிழிந்தபடி:
"பொருந்துகிறதா?"
பொய் நாக்கு நுனிவரை வந்தது.
"குறைவாக ஒவ்வாதது" என்றேன்.
என்னையே பார்த்தாள்.
"நாற்பத்தொரு வருடம்," என்றாள், "நாங்களும் அதேதான்."
சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது.
"சீக்கிரம் அனுப்பு, மகளே."

சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்.
ஸ்டீராய்டில் தூக்கம் தொலைந்த அவர்
நர்ஸிடம் காற்று எந்தப் பக்கம் என்று
கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

விடிந்ததும் எர்சிரா திரும்ப வந்தாள்,
மேல்சட்டைக்குள் சிறுநீர்ப் புட்டி.
என் விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள்.
"நேற்றைவிட வெளுப்பு, இல்லையா?"
குழல்விளக்கில் எல்லாமே வெளுப்பாகத்தான் தெரியும்.
இன்னொரு முறை பார்த்தேன்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
பத்தாவது பையை
குளிர்பெட்டியிலிருந்து எடுத்தேன்.